சிவப்பு எண், நீல எண்: புதிர்த் தாளோடு பிராக் நகரைச் சுற்றிய கதை

செக் நாட்டின் தலைநகர் பிராக்கில், பழைய வீடுகளின் வாசலுக்கு மேலே இரண்டு எண் பலகைகள் இருக்கும். ஒன்று சிவப்பு, இன்னொன்று நீலம். இரண்டிலும் வெவ்வேறு எண். சென்னையில் ‘பழைய எண், புதிய எண்’ என்று கதவு கதவாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதுவும் அதே சமாச்சாரம் என்றுதான் தோன்றும். ஆனால் அங்கே இரண்டுமே இன்றும் நடப்பில் உள்ள எண்கள். நீலப் பலகை, தெருவில் அந்த வீட்டின் வரிசையைச் சொல்கிறது. சிவப்பு, அந்தப் பகுதியின் பதிவேட்டில் அந்தக் கட்டடத்துக்கென்று கொடுத்த எண். மரியா தெரேசா அரசியின் ஆட்சியில், 1770-இல் வீடுகளைக் கணக்கெடுத்தபோது ஆரம்பித்த வழக்கம் இது. பழைய நகர மண்டபத்துக்குச் சிவப்பில் 1, நீலத்தில் 3.

இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போனால், பிராக்கில் புதிர் நடை போகிறவர்களுக்குப் பெரிய உதவி. புதிர் நடை என்றால், வழிகாட்டி ஆள் இல்லாமல், ஒரு தாளையோ ஆப்பையோ வைத்துக்கொண்டு நாமே நகரத்தைச் சுற்றுவது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு கேள்வி. விடை சுவரிலோ சிலையிலோ தரையிலோ இருக்கும். விடைகளைக் கட்டங்களில் நிரப்பிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு சொல் கிடைக்கும். செக் மக்களுக்கு இந்த விளையாட்டில் தனிப் பிரியம். குழுக் குழுவாக இரவெல்லாம் நடந்து புதிர் அவிழ்க்கும் போட்டிகளே அங்கே உண்டு.

என் கணவருக்கு பிராக்கில் அலுவலக வேலை. பகலில் அவர் கூட்டங்களுக்குப் போய்விடுவார். மிச்சம் நாங்கள் மூவர்: நான், ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகன், நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா. அப்பாவுக்கு முழங்கால் வலி, சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. மகனுக்குக் கோட்டை, தேவாலயம் என்று சொன்னாலே முகம் சுருங்கிவிடும். இந்த இருவரையும் சேர்த்து அழைத்துப் போக இதைவிடத் தோதான வழி எனக்குத் தெரியாது. ஐந்து நிமிடம் நடந்தால் ஒரு நிறுத்தம். பேரன் தேடுவான், தாத்தா உட்கார்ந்து யோசிப்பார்.

எந்தப் புதிர்த் தாளை வாங்குவது என்பதில்தான் கவனம் வேண்டும். மாதிரிப் பக்கம் ஒன்றைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். அதில் ‘எத்தனை ஜன்னல்?’, ‘கதவு என்ன நிறம்?’ என்கிற ரகக் கேள்விகள் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் கேள்வியை எந்த ஊரிலும் கேட்கலாம். அதற்காக பிராக் வரை போக வேண்டியதில்லை. அந்த ஊரில் மட்டுமே கேட்க முடிந்த கேள்விதான் நல்ல கேள்வி. இன்னொன்று, ஒரு விடை தெரிந்தால்தான் அடுத்த கேள்வி திறக்கும் என்று பூட்டுப் போட்ட வகை குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சரிவராது. ஓர் இடத்தில் சிக்கினால் நாளே போய்விடும். எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம், விடைகளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்கிற வகையைத் தேடுங்கள். நாங்கள் வாங்கியது அப்படிப்பட்டது. அச்செடுத்து ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டோம். ஆப் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். பழைய நகரத்துச் சந்துகளில் ஜிபிஎஸ் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவிவிடும், குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். அதோடு, ஒரே போனை மூன்று பேர் எட்டிப் பார்ப்பதைவிட ஆளுக்கொரு தாளும் பென்சிலும் இருந்தால்தான் சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் நிற்பார்கள்.

தொடக்கம் பழைய நகரச் சதுக்கத்தின் வானியல் கடிகாரம். 1410-லிருந்து இருக்கும் கடிகாரம். மணி அடிக்கும்போது மேலே ஜன்னல் திறந்து அப்போஸ்தலர் பொம்மைகள் வரிசையாகப் போகும், அதைப் பார்க்கப் பெரிய கூட்டம் கூடும். ஜேப்படிக்காரர்களுக்கும் அதுதான் நேரம். பொம்மைகளைப் பார்க்க வேண்டுமானால் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு ஒருமுறை பாருங்கள். புதிரைப் போட மணி அடித்துக் கால் மணி நேரம் கழித்து வாருங்கள், முன்வரிசையே காலியாக இருக்கும்.

கேள்வி இது: ‘இன்று விளக்கேற்ற இன்னும் எத்தனை மணி நேரம்?’ மகன் உடனே போனை எடுத்தான். “போன் வேண்டாம்டா, கடிகாரத்தையே கேளு” என்றார் அப்பா.

அந்தக் கடிகாரத்தின் வெளிவட்டத்தில் 1 முதல் 24 வரை பழைய கோதிக் எண்கள் பொன் நிறத்தில் இருக்கின்றன. பழைய பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதி) நாள் முடிவது சூரியன் மறையும்போது. அந்தக் கணம்தான் 24. மறையும் நேரம் தினமும் மாறும் என்பதால் அந்த வளையமே வருஷம் முழுக்க முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருக்கும். பொன் கை எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்து, அதை 24-இலிருந்து கழித்தால் பொழுது சாய இன்னும் எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிடும். எண்களை வாசிப்பதில்தான் சிரமம். 4, 5, 7 ஆகியவை இன்றைய வடிவத்தில் இல்லை. 24-ஐக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவதே சுலபம். அக்டோபர் முதல் வாரம், பகல் பதினொரு மணி வாக்கில் நாங்கள் பார்த்தபோது கை 16-ஐத் தாண்டியிருந்தது. ஏழரை மணி நேரம் என்று மகன் எழுதினான். அன்று மாலை ஆறரை மணிக்கு வல்த்தாவா ஆற்றங்கரையில் நின்று அவன் மணி பார்த்ததையும் சொல்ல வேண்டும். சரியாக இருந்தது.

கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே, நகர மண்டபத்தின் கிழக்குப் பக்கம், தரையில் வெள்ளைக் கற்களால் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். எத்தனை என்று கேட்டிருந்தது தாள். மொத்தம் 27. ஹாப்ஸ்பர்க் பேரரசரின் படையிடம் வெள்ளை மலைப் போரில் தோற்ற பிறகு, 1621 ஜூன் 21-ஆம் தேதி இதே இடத்தில் 27 பொஹீமியத் தலைவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். மகன் உரக்க எண்ணிக்கொண்டு போனான். ஒவ்வொரு சிலுவையும் ஓர் ஆள் என்று தெரிந்த பிறகு, மிதிக்காமல் சுற்றி நடந்து மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். எண்ணச் சொன்னதற்கு அங்கே அர்த்தம் இருந்தது.

அடுத்த இடத்தை அப்பா விட மனசில்லாமல்தான் விட்டார். சதுக்கத்தின் தரையில் ஓர் உலோகப் பட்டை ஓடுகிறது: பிராக் தீர்க்கரேகை. முன்னாளில் சதுக்கத்தில் நின்ற மரியன்னைத் தூணின் நிழல் உச்சிவேளையில் அந்தக் கோட்டில் விழுமாம். அதை வைத்துத்தான் ஊரே நேரம் பார்த்தது. 1650-இல் எழுப்பிய தூணை 1918-இல் சாய்த்துவிட்டார்கள். 2020-இல் அதே மாதிரி புதிதாகச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். பணிக்காலம் முழுக்க வடக்கு பார்த்தே நின்றவர் அப்பா. கோட்டின் மேல் நின்று தூணையும் தரையில் இருந்த பட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். “எங்ககிட்ட இருந்த கருவியெல்லாம் இந்த நிழலுக்கு அப்புறம் வந்ததுதான்டா” என்று பேரனிடம் சொன்னார். அவ்வளவு நேரம் அங்கே நிற்போம் என்று தாளில் போட்டிருந்த நேரக் கணக்கு எதிர்பார்க்கவில்லை. அந்தக் கணக்கை நீங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது கேள்வி எழுதியவர் நடந்த வேகம். பெரியவர்களும் பிள்ளைகளும் கூட வந்தால் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நாள், அந்தப் பக்கம் ஒரு நாள் என்று நாங்கள் பிரித்தோம்.

யூதர் குடியிருப்பாக இருந்த யோசெஃபோவ், சதுக்கத்திலிருந்து நடக்கும் தூரம். மைசெலோவா தெருவில் யூத நகர மண்டபத்தில் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. கோபுரத்தில் இருப்பது வழக்கமான ரோமன் எண் கடிகாரம். அதற்குக் கீழே இருப்பதில் எண்களுக்குப் பதில் எபிரேய எழுத்துகள். ஆலெஃப் என்றால் 1, யோத் என்றால் 10. எபிரேயம் வலமிருந்து இடமாகப் போகும் எழுத்து, அந்தக் கடிகாரத்தின் முட்களும் அப்படியே எதிர்ப்பக்கமாக ஓடும். எந்தக் கடிகாரத்தைப் பார்த்து விடை எழுதச் சொல்கிறார்கள் என்று கேள்வியை இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள்.

அதே பகுதியில் எனக்குப் பிடிக்காத கேள்வி ஒன்றும் இருந்தது. வீட்டு வாசல்களில், நடைபாதைக் கற்களுக்கு நடுவே, பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளைத் தகடு பதித்த கற்கள் இருக்கின்றன. குந்தர் டெம்னிக் என்ற ஜெர்மன் கலைஞர் ஐரோப்பா முழுக்கத் தொடங்கிய நினைவுக் கற்கள் இவை. ‘இங்கே வாழ்ந்தார்’ என்று முதல் வரி, பிறகு பெயர், பிறந்த ஆண்டு, நாஜிகள் பிடித்துக்கொண்டு போன தேதி, முகாமின் பெயர், கொன்ற இடம். குனிந்துதான் படிக்க முடியும். ஒரு கல்லில் இருக்கும் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கூட்டி, இலக்கங்களைச் சுருக்கி ஒரு கட்டத்தில் போடச் சொன்னது தாள். நாங்கள் கல்லைப் படித்தோம், கூட்டவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டோம். சிலுவைகளை எண்ணும்போது அது மனிதர்களை எண்ணுவதாக இருந்தது. இங்கே ஒருவருடைய சாவு வெறும் கூட்டல் கணக்கு ஆகிவிடுகிறது. புதிர் எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை யோசிக்க வேண்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த மாதிரி இடத்தில் தாளை மடித்து வைத்துவிட்டுப் பேசுங்கள். பக்கத்திலேயே பிங்காஸ் யூதக் கோயில் இருக்கிறது. கொல்லப்பட்ட கிட்டத்தட்ட 80,000 செக் யூதர்களின் பெயர்களை அதன் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். நுழைவுச்சீட்டு வாங்கித்தான் போக வேண்டும். போக வேண்டிய இடம்.

சார்லஸ் பாலத்துக்கு எல்லாரும் போவார்கள். அங்கே கேள்விகள் சுமார்தான். அடிக்கல் நாட்டிய நேரமாகச் சொல்லப்படுவது 1357-ஆம் ஆண்டு, 9-ஆம் தேதி, 7-ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடம். வரிசையாக எழுதினால் 135797531, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்று. நெபொமுக் நகரப் புனித யோவானின் வெண்கலச் சிலை 1683-இல் வைத்தது, தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரங்கள். கீழே உள்ள புடைப்புச் சிற்பங்களில் மக்கள் தொட்டுத் தொட்டு மஞ்சளாக மினுங்கும் இடங்களைப் பார்த்தாலே எந்தச் சிலை என்று தெரிந்துவிடும். பகலில் பாலத்தின் மேல் நிற்கவே இடம் இருக்காது. காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள்.

அந்தப் பாலத்தடியில் நான் ரசித்தது கூட்டம் கவனிக்காத ஒரு தலை. பழைய நகரத்துப் பக்கம், பாலம் தொடங்கும் இடத்தில், ஆற்றுச் சுவரில் தாடிக்கார மனிதனின் கல் முகம் ஒன்று பதித்திருக்கிறது. பாலத்துக்கு முன்னால் உள்ள சிறிய சதுக்கத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்க்க வேண்டும். பிராதாச் என்று பெயர், தாடிக்காரன் என்று பொருள். இப்போதுள்ள பாலத்துக்கு முன்னால் அங்கே இருந்த யூதித் பாலத்தைச் சேர்ந்தது அந்த முகம். அந்தப் பாலத்தை 1342 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் தாடியைத் தொட்டால் ஆறு கரை தாண்டப்போகிறது, வழுக்கைத் தலையைத் தொட்டால் பழைய நகரச் சதுக்கம் வரை தண்ணீர் வந்துவிடும் என்பது ஊர் வழக்கு. தாளில் இருந்த கேள்வி, ‘யார் மூழ்கும்போது ஊர் ஓடும்?’ இதுதான் நான் சொல்லும் நல்ல கேள்வி. நேராக விடையைத் தராமல் ஒரு பழைய ஊரின் பயத்தை முதலில் காட்டுகிறது. மறுகரையில் கம்பா பகுதிக்குப் போனால் 2002 ஆகஸ்ட் வெள்ளத்தின் மட்டத்தைச் சுவர்களில் கோடு போட்டு வைத்திருப்பதைப் பார்க்கலாம். தாடிக்காரனைப் பார்த்துவிட்டு அங்கே போகிறவர்களுக்கு அந்தக் கோடு வேறு மாதிரி தெரியும்.

இரண்டாம் நாளைக்கு ஒரு யோசனை, குறிப்பாக முழங்கால் வலி உள்ளவர்களுக்கு. எங்கள் தாள் நெருதோவா தெருவில் கீழிருந்து கோட்டையை நோக்கி ஏறச் சொன்னது. நாங்கள் 22-ஆம் எண் டிராமில் ஏறி மேலே பொஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்கி, கோட்டை வாசல் சதுக்கம் வழியாக இறக்கத்தில் வந்தோம். கேள்விகளைத் தலைகீழ் வரிசையில் போட்டோம். டிராம் சீட்டை ஏறியதும் மஞ்சள் இயந்திரத்தில் ஒரே ஒரு முறை முத்திரை குத்த வேண்டும், குத்தாத சீட்டு செல்லாது. தெருவெல்லாம் கல் பாவியது, அதனால் தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ அவசியம். கழிப்பறைக்குச் சில்லறைக் காசு கையில் இருக்கட்டும்.

நெருதோவா தெருதான் இந்த நடையின் உயிர். எண்கள் வருவதற்கு முன்னால் வீட்டுக்கு அடையாளம் வாசலுக்கு மேலே இருந்த சின்னம்தான். இந்தத் தெருவில் அவை இன்னும் இருக்கின்றன. 47-ஆம் எண் வீட்டில் இரண்டு சூரியன்கள். யான் நெருதா என்ற செக் எழுத்தாளர் இளமையில் வாழ்ந்த வீடு, தெருவின் பெயரும் அவருடையதுதான். அப்புறம் தங்க லாடம், தங்கக் கிண்ணம், சிவப்பு ஆட்டுக்குட்டி. 12-இல் மூன்று ஃபிடில்கள், வயலின் செய்யும் குடும்பம் தலைமுறையாக இருந்த வீடு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் வந்து சேர வேண்டும் என்று வைத்த அடையாளங்கள். செக் மொழியில் ஒரு சொல் தெரியாத என் அப்பாவும் அவற்றைப் பார்த்தே வழி சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒரு கேள்விக்கு 14-ஆம் வீட்டின் சிவப்பு எண் வேண்டும். சாந்தினி என்ற பரோக் காலக் கட்டடக் கலைஞருக்குச் சொந்தமாக இருந்த வீடு அது. போய்ப் பார்த்தால் முன்பக்கம் முழுக்கச் சாரம் கட்டி, துணி போட்டு மூடியிருந்தார்கள். ஐரோப்பிய நகரங்களில் இது எப்போதும் நடக்கும், ஏதாவது ஒரு கட்டடத்தில் பராமரிப்பு வேலை ஓடிக்கொண்டேதான் இருக்கும். மகன் துணி இடுக்கில் எட்டி எட்டிப் பார்த்தான்.

அப்பா எதிர்ப்பக்கத் திண்டில் உட்கார்ந்தபடியே கேட்டார். “பக்கத்து வீட்டுச் சிவப்பு நம்பர் என்ன?”

“12-ஆம் வீட்டுக்கு 210, தாத்தா.”

“அந்தப் பக்கம்?”

“16-க்கு 212.”

“அப்ப இது 211. கணக்கெடுக்க வந்தவன் தெருவோட நடந்துதானே எழுதியிருப்பான்? நாங்களும் அப்படித்தான் புல எண் போடுவோம். நடுவுல புதுசா கட்டினாத்தான் நம்பர் தாவும். இது மூணும் பழைய வீடு.”

211-ஐப் போட்டதும் கடைசிச் சொல்லில் அதுவரை பொருந்தாமல் இருந்த எழுத்து பொருந்தியது. காலியாக விட்ட கட்டம் ஒன்று இருந்தும் சொல்லைப் படிக்க முடிந்தது. எதையும் நேரில் பார்க்க முடியாமல் போனால் உடனே இணையத்தில் விடை தேடாதீர்கள். அக்கம்பக்கத்து எண், எதிர்ச்சுவரின் சின்னம், கடைசிச் சொல்லில் கிடைத்த எழுத்துகள் என்று சுற்றிப் பார்த்தால் பெரும்பாலும் கையிலேயே விடை இருக்கும்.

தெரு இறங்கி முடியும் சதுக்கத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், கர்மெலிட்ஸ்கா தெருவில் வெற்றி அன்னை ஆலயம். நம்மூரில் எத்தனையோ வீடுகளில் படமாகத் தொங்கும் குழந்தை இயேசுவின் மூலச் சொரூபம் இங்கேதான் இருக்கிறது. 1628-இல் பொலிக்ஸேனா என்ற பிரபு குலத்துப் பெண்மணி கார்மேல் சபைத் துறவிகளுக்குக் கொடுத்தது. முழங்கையளவு உயரம்தான் இருக்கும். ‘உலகம் எந்தக் கையில்?’ என்பது கேள்வி. இடது கை. வலது கை ஆசி கொடுக்க உயர்ந்திருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. முன்வரிசையில் ஜெபமாலையோடு மண்டியிட்டிருந்தவர்களைப் பார்த்துவிட்டுத் தாளைப் பையில் வைத்தோம். வழிபாடு நடக்கும் நேரத்தில் புதிர் போட உள்ளே போக வேண்டாம், வெளியே பலகையில் நேரம் எழுதியிருக்கும். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா கேட்டிருந்த சின்னப் படங்களை அங்கே இருந்த கடையில் வாங்கிக்கொண்டேன்.

அன்று இரவே மகன் தாளின் பின்பக்கத்தில் அவனுடைய அப்பாவுக்காகப் புதிர் எழுத ஆரம்பித்தான். தாத்தா ஒரே நிபந்தனை போட்டார். கடைப் பலகை, சுவரொட்டி, பூத்தொட்டி எதையும் விடையாக வைக்கக் கூடாது, அடுத்த வருஷம் இருக்காது. கல்லில், உலோகத்தில் இருப்பதை மட்டும் வை என்றார். இரண்டு கேள்விகளை அதற்காகவே அடித்தான். சனிக்கிழமை என் கணவர் அந்தத் தாளோடு கிளம்பினார், நாங்கள் மூவரும் விடை சொல்லாமல் பின்னால் நடந்தோம். யோசெஃபோவில் அவரை நெடுநேரம் நிறுத்திய கேள்வி: ‘எதிர்ப்பக்கமாக ஓடும் கடிகாரத்தில் இன்னும் மூன்று மணி நேரம் போனால், சின்ன முள் எந்த எழுத்தில் நிற்கும்?’